வேண்டாம் என்ற வீட்டில் ஒரு டீ

எங்கள் வீட்டில் அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை என்று என் மனைவிக்குப் பெரிய குறை. காலையில் மம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஹார்ன் அடிக்காமல், கேட்டுக்கு வெளியே நின்று "அங்கிள்" என்று ஒரு குரல் கொடுப்பாள். என் மனைவி டம்ளரோடு ஓடுவாள். "வேணாம் ஆண்ட்டி, தேங்க்ஸ் ஆண்ட்டி" என்று சிரிப்பாள். சிரிப்பில் கஞ்சத்தனமே கிடையாது, ஆனால் டம்ளரைத் தொடமாட்டாள். "நம்ம வீட்டு டீயில என்ன புழுவா நெளியுது?" என்று என் மனைவி அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெண்தான் என் லீடர். எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அவளுக்கு என் மூத்த மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். செனாவாங்கில் நான் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஃபேக்டரி, எங்கள் லைனை அப்படியே பெயர்த்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டது. சூப்பர்வைசராக இருந்தவன் வீட்டில் உட்கார்ந்து மீன்தொட்டி கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஃபில்டர் விற்கும் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பன் சொல்லிப் போனேன். வயதைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் பயிற்சி. அதற்குள் என் பெயரில் ஐந்து ஃபில்டர் போக வேண்டும். போனால் நிரந்தர வேலை, மாதச் சம்பளம். போகாவிட்டால் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். மூத்தவள் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் என் மனைவியின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவை என்று இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை எல்லாரும் நின்று கைதட்டிக் கத்த வேண்டும் என்பது ஆபீஸ் வழக்கம். நானும் கத்தினேன். மேனேஜர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய், ஓரமாக நின்று ஒப்புக்குக் கைதட்டிக்கொண்டிருந்த ஒருத்தியிடம் விட்டார். "இவங்கதான் உங்க லீடர்" என்றார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அங்கிள், வேற சப்பாத்து இருக்கா? இது கழட்ட லேட்டாகும்" என்றாள். முதல் பாடமே என் காலில்தான் ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் கயிறில்லாத சப்பாத்துதான் போட்டுக்கொண்டு போனேன்.

அவளுக்கு நல்ல பழக்கங்கள் என்று சொல்ல அதிகமில்லை. காரை மோசமாக ஓட்டுவாள். ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் கொறிக்கிற குவாச்சி விதை, தொலிகளையெல்லாம் கதவு இடுக்கில் போடுவாள். தம்பியோடு போனில் சண்டை போடுவாள். பாதிச் சண்டையில் போனை வைத்துவிட்டு, எனக்கு முன்னால் ஒன்றுமே நடக்காததுபோல் பாட்டு முணுமுணுப்பாள். யாரையும் புகழமாட்டாள். நான் ஏதாவது நன்றாகச் செய்துவிட்டால் "ம்" என்பாள். அந்த ஒரு "ம்"முக்காக நான் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்ததுண்டு.

ஆனால் ஒரு வீட்டுக்குள் அவள் போகிற விதம் தனி. கேட்டைத் திறந்தால் மூடமாட்டாள். கதவுக்கு எது பக்கமோ அந்த நாற்காலியில்தான் உட்காருவாள். உள்ளே சோபா காலியாக இருந்தாலும் போகமாட்டாள். பையை மடியிலேயே வைத்திருப்பாள். பேச்சு முடிகிறவரைக்கும் அந்த வீட்டில் எதையும் குடிக்கமாட்டாள்.

முதல் வாரம் போர்டிக்சன் போகிற வழியில், ஒரு தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்குப் போனோம். தோட்டத்துக்குள் இப்போது வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் அதிகம். நம் ஆட்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வரிசை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்கார அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் நின்று வரும்போதெல்லாம் குழாயில் சேற்று நிறமாக வருகிறது என்று அவரே சொன்னார். கடைசியில், "அவரு வேலையிலேருந்து வரட்டும்மா, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ஆர்டர் வந்த மாதிரிதான் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

"அக்கா, உங்களுக்கு வேணாம்தானே?" என்றாள் லீடர்.

"அப்படி இல்லம்மா, அவருகிட்ட ஒரு வார்த்த…"

"சும்மா சொல்லுங்க லா. நான் கோவிச்சுக்க மாட்டேன். வேணாம்னா வேணாம்தான்."

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சாமி படத்தைப் பார்த்தேன். அந்த அம்மா, "இப்போதைக்கு வேணாம்மா" என்று மெதுவாகச் சொன்னார்.

"சரிக்கா." லீடர் பையைத் தரையில் வைத்தாள். காலை நீட்டி உட்கார்ந்தாள். "டீ இருக்கா?"

அந்த அம்மாவின் முகம் மாறியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மூச்சு முட்டிக்கொண்டிருந்தவர் ஜன்னலைத் திறந்துவிட்டதுபோல் எழுந்து அடுப்படிக்குப் போனார். அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முட்டிவலி, ஜொகூரில் இருக்கும் மகன், கோயில் தலைவர் தேர்தலில் நடந்த அடிதடி எல்லாம் பேசினார். போகும்போது ஒரு பை நிறைய முருங்கைக்கீரை கொடுத்தார். ஒரு ஃபில்டர்கூட விற்கவில்லை.

"தண்ணி சரியில்லன்னு இப்பதானே பாடம் நடத்துன? அதே தண்ணியில போட்ட டீய குடிக்கிறியே" என்று காரில் கேட்டேன்.

"கொதிச்ச தண்ணிதானே அங்கிள்" என்று குவாச்சியை உடைத்தாள்.

வாங்கிய வீடுகளில் நேர் எதிர். கையெழுத்து விழுந்ததும் நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிடுவாள். இவ்வளவு பெரிய பொருளை வாங்கியவர்கள், தட்டில் பலகாரத்தோடு வந்து கெஞ்சுவார்கள். நின்றபடியே கும்பிடு போட்டுவிட்டுச் சப்பாத்தை மாட்டுவாள். எனக்கு அது அநாகரிகமாகப் பட்டது. இரண்டாவது வாரம் பொறுக்கமுடியாமல் கேட்டே விட்டேன்.

"வாங்குனவங்க மனசு மாறலாம் அங்கிள். வேணாம்னு போன் அடிக்க அவங்களுக்குச் சில நாள் டைம் இருக்கு, சட்டமே குடுத்திருக்கு. டீயக் குடிச்சு உறவாடிட்டு வந்தா எப்படி அடிப்பாங்க? கூச்சப்பட்டுக்கிட்டு வச்சிருப்பாங்க."

"அப்ப வேணாம்னு சொன்னவங்க வீட்டுல?"

"பாவம், அவங்கதான் நம்மளப் பாத்து பயந்து போயிருப்பாங்க. நம்ம குடிச்சாத்தான் அவங்களுக்கு ஆறும்."

"எங்க வீட்டுல?"

"உங்களுக்கு நான் மார்க் போடணும் அங்கிள். முடியட்டும்."

இதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி சமாதானம் ஆகவில்லை. டம்ளரோடு ஓடுவதையும் நிறுத்தவில்லை.

அவள் அப்படி டீ குடிப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டாள். வைத்தால் மனத்தாங்கலோடு போகிறோம் என்று நினைத்துக்கொள்வார்களாம். இதையும் என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். ஒரு வீட்டில், மறுத்துவிட்ட பதற்றத்தில் அந்த வீட்டுப் பாப்பா (கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்) சீனி டின் என்று நினைத்து உப்பு டின்னில் கையை விட்டுவிட்டது. எனக்கு முதல் வாயிலேயே குமட்டியது. லீடர் நிதானமாகப் பேசிக்கொண்டே முழுவதையும் குடித்தாள். கார் திருப்பத்தைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்தி, கதவைத் திறந்து துப்பிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "நல்ல புள்ள அங்கிள். அடுத்த வருஷம் குழந்த பொறந்ததும் அதுவே ஃபில்டர் கேட்டுக் கூப்பிடும், பாருங்க" என்றாள்.

அவள் சிரிக்காத நாளும் ஒன்று உண்டு. ஒரு தோட்டத்துத் திருப்பம் வந்தபோது காரை மெதுவாக்கினாள். செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு செம்மண் பாதை உள்ளே போனது. "அங்கதான் எங்க வீடு இருந்திச்சு" என்றாள். வீடு முழுக்கப் பெட்டி பிரிக்காத சாமான்களாம். யாருக்கும் படிக்கத் தெரியாத கலைக்களஞ்சியம் ஒரு செட்டு, கால் பிடித்துவிடும் மிஷின், மினுக்கு விளக்கு போட்ட சாமி படம் மூன்று.

"எங்க அம்மாவுக்கு வேணாம்னு சொல்ல வராது அங்கிள். விக்க வர்றவங்களுக்கு முதல்ல டீ குடுத்திரும். டீ குடிச்சவங்கள வெறுங்கையோட எப்படி அனுப்புறதுன்னு வாங்கிரும். அப்புறம் அப்பா வந்து கத்துவாரு. அடுத்த தடவ ஆள் வந்தா எங்களக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள ஒளிஞ்சிக்கும். விளக்க அணைச்சுட்டு, நாங்க மூச்சு விடாம இருப்போம்."

"பிறகு ஏன் நீயும் இதே வேலைக்கு வந்தே?"

"எப்படியும் எவனாவது வந்து கதவத் தட்டத்தானே போறான்" என்று கியரை மாற்றினாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "நீங்களும் எங்க அம்மா மாதிரிதான். ஃபேக்டரியில ஞாயித்துக்கிழமை ஓ.டி.ன்னா முதல் பேரு உங்களோடதாமே? ஆண்ட்டி சொன்னாங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அது உண்மைதான்.

மூன்றாவது வாரத்திலிருந்து என்னைத் தனியாகப் பேசவிட்டாள். அப்போதுதான் என் கையிலும் ஒரு வித்தை இருப்பதைக் கண்டுபிடித்தேன். வீட்டுக்குள் போனதும் நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டேன். "நீங்க எந்தத் தோட்டம்?" அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்யவே வேண்டாம். அவர்கள் ஒரு தோட்டத்தைச் சொல்வார்கள். அங்கே என் சித்தப்பா மண்டோராக, அதாவது கங்காணியாக இருந்திருப்பார், அல்லது என் தங்கையைக் கட்டியவனின் மாமா லாரி ஓட்டியிருப்பார். பத்து நிமிஷத்தில் நான் மச்சானாகவோ மருமகனாகவோ ஆகிவிடுவேன். அந்த ஒரே வாரத்தில் மூன்று ஃபில்டர் போனது. திங்கட்கிழமை மேனேஜர் என் பெயரைச் சொல்லி எல்லாரையும் கைதட்ட வைத்தார். ஃபேக்டரியில் இருபது வருஷத்தில் யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனேன்.

லீடர் "ம்" என்றுகூடச் சொல்லவில்லை.

நான்காவது விற்பனை செனாவாங்கில், மாறி மாறி ஷிஃப்ட் போகும் ஒரு இளம் தம்பதிக்கு. கைக்குழந்தைக்குப் பால் கலக்க என்று வாங்கினார்கள். ஐந்தாவது, அதே போர்டிக்சன் வழியில் இன்னும் உள்ளே ஒரு வீடு. அந்த அம்மாள் என் தங்கை மாமியாருக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று தெரிந்ததும் "பெரியம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார். குடித்தேன். கையெழுத்துப் போட்டார். லீடர் கதவோரம் உட்கார்ந்து என் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஃபில்டர் ஆகிவிட்டது. அன்று வீட்டுக்குப் போகும்போது கோழி வாங்கிக்கொண்டு போனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, பெரியம்மா வீட்டுப் பக்கத்துத் தோட்டத்துக் கோயிலில் திருவிழா. வெளியூர் போனவர்கள்கூட வருடத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிற கோயில் அது. நானும் என் மனைவியும் அன்னதானப் பந்தலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எதிர்வரிசையில் பெரியம்மா. நான் கையைத் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், பார்த்தது எனக்கு நிச்சயம். சட்டென்று முந்தானையை முக்காடாக இழுத்துக்கொண்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு, பந்தலுக்குப் பின்னால் போய்விட்டார். சாப்பிடாமலேயே போய்விட்டார். "யாருங்க அது, உங்களப் பாத்துட்டு ஓடுறாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

மறுநாள் காரில் இதை லீடரிடம் வேடிக்கையாகச் சொல்வதுபோல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே காரைத் திருப்பினாள். எந்த வழி என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம்மா. நான் அஞ்சு முடிச்சிட்டேன். மெஷினும் நாளைக்குத்தான் மாட்டப் போறாங்க."

"அதான் இன்னிக்கே போறோம்."

"உனக்கென்ன? நீ நிரந்தரம். இது என் வயித்துப் பொழப்பு. மத்த மூணும்கூடச் சொந்தத்துக்கு வித்ததுதான், அதையும் போய்ப் புடுங்குவியா?"

"அவங்களுக்கெல்லாம் போன் பண்ணிக் கேட்டுட்டேன் அங்கிள். அவங்களுக்கு வேணும்தான். இவங்க மட்டும் போன எடுக்கல."

நான் கத்தினேன். என் மகள் வயதுப் பெண்ணிடம் பேசக்கூடாத இரண்டு வார்த்தையும் பேசினேன். அவள் குவாச்சியைத் தொடாமல் இரண்டு கையாலும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அன்று ஒருநாள்தான் அவள் காரை நன்றாக ஓட்டினாள் என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் விளக்கு எரியவில்லை. கதவு சாத்தியிருந்தது. உள்ளே மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. லீடர் கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று, "பெரியம்மா, நாங்க விக்க வரல. வேணாம்னா உள்ளேருந்தே சொல்லிடுங்க, போயிடுறோம்" என்றாள்.

உள்ளேயிருந்து, "தம்பியும் வந்திருக்கா?" என்று குரல் வந்தது.

"வந்திருக்கேன் பெரியம்மா" என்றேன்.

"தப்பா நெனைக்காதப்பா… எனக்கு வேணாம்பா." அழுகிற குரல்.

அந்தக் குரல் என் கோபத்தையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டது. நான் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, "சரி பெரியம்மா, அதனால என்ன" என்றேன். கதவு திறந்தது. லீடர் பையைத் தரையில் வைத்தாள். டீ வந்தது. நானும் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

என் கணக்கு மறுபடியும் நான்கு ஆகிவிட்டது. கடைசி வாரம் முழுக்க அலைந்தோம். ராசா, செனாவாங், போர்டிக்சன் வழி எல்லாம். நான் யாரிடமும் எந்தத் தோட்டம் என்று கேட்கவில்லை. கேட்டைத் திறந்தே வைத்தேன், கதவோரம் உட்கார்ந்தேன். மறுத்தவர்கள் நிம்மதியாக மறுத்தார்கள். வயிறு முட்ட டீ குடித்தேன். வெள்ளிக்கிழமை கடைசி வீட்டிலும் டீதான். திரும்பி வரும்போது லீடர், "நல்லா பேசுனீங்க அங்கிள்" என்றாள். "ம்"முக்குப் பதிலாக ஒரு முழு வாக்கியம். ஆனால் நான்கு நான்குதான்.

மறுநாள் சாயங்காலம் அவளே வீட்டுக்கு வந்தாள். கேட்டுக்கு வெளியே நிற்காமல் உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பை மடியில். கேட்டை மூடவில்லை. என் மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"நேத்து உங்கள விட்டுட்டுப் போறப்ப ஒரு வீட்டுல சைன் பண்ணாங்க அங்கிள். நானே பேசுனது. விக்கிறவரு பேரு இன்னும் எழுதல. உங்க பேர எழுதிடுறேன். அஞ்சாயிடும்."

"மேனேஜர் கேட்டா?"

"கேக்க மாட்டாரு. கேட்டா நான் பாத்துக்குறேன்." மடியிலிருந்த பையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதான் ஒண்ணு போச்சு" என்றாள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். மகளின் படிப்பு, மாதம் பிறந்தால் சம்பளம், ஃபேக்டரிக்காரர்கள் முன்னால் தலைநிமிர்ந்து நடப்பது எல்லாம் ஒரே வீச்சில் கண் முன்னால் வந்தது. சரி என்ற சொல் நாக்கு நுனியில் நின்றது. இருபது வருஷமாக நின்று பழகிய சொல். அப்போதுதான் அவள் உட்கார்ந்திருந்த விதம் கண்ணில் பட்டது. கதவோரம். மடியில் பை. திறந்த கேட். எங்கள் வீட்டிலும், வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழி விட்டுத்தான் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அதை வாங்கிக்கொண்டால், திங்கட்கிழமை ஆபீஸில் கைதட்டும்போது நான் எங்கே போய் ஒளிவது?

"வேணாம்மா" என்றேன்.

சொன்ன பிறகு என் காதிலேயே அது புதுக்குரலாகக் கேட்டது. அவள் கெஞ்சவில்லை, இன்னொருமுறை கேட்கவில்லை. பையைத் தரையில் வைத்தாள். காலை நீட்டிக்கொண்டாள்.

"ஆண்ட்டி," என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள், "டீ இருக்கா?"

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. என் மனைவி விருந்தாளிக்கென்று எடுத்துவைத்திருந்த டம்ளரில் நுரை பொங்க டீயும், ஒரு தட்டு முறுக்கும் கொண்டுவந்தாள். முகத்தில் தீபாவளி. இன்னும் கொஞ்சம் சீனி போடட்டா, சூடு சரியாக இருக்கிறதா என்று பக்கத்திலேயே நின்றாள். அவர்கள் இரண்டு பேரும் என் மூத்த மகளின் கல்யாணம்வரைக்கும் பேசினார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருட்டுவதற்கு முன்னால் லீடர் கிளம்பினாள். போகும்போது கேட்டை மூடிவிட்டுப் போனாள்.

"பாத்தீங்களா, கடைசில நம்ம வீட்டு டீயக் குடிச்சிருச்சு" என்றாள் என் மனைவி. "வேலை கெடைச்சிருச்சுன்னு சொல்லத்தானே வந்துச்சு?"

அவளை உட்காரச் சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் எழுந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த டம்ளரை எடுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"ஒரு சொட்டு வைக்கலையே" என்றாள்.